ஜெயிச்சா ஒரு கோடி... போறதுக்கு டிக்கெட்? வடசென்னை கேரம் புலம்பலின் பின்னணி என்ன?

"செஸ் ஆடுனா 5 கோடி, கேரம் ஆடுனா என்ன கிடைக்கும்?"

கொருக்குப்பேட்டை பக்கம் டீக்கடையில் நின்றால் இந்தக் கேள்வி இன்னமும் காதில் விழும். கூட்ஸ் வண்டி போறதுக்காக ரயில்வே கேட் மூடியிருக்கும்; பைக்கில் காத்திருப்பவர்கள் பேசுவதற்கு நேரம் நிறைய இருக்கும். கிரிக்கெட், மெட்ரோ, மொபைல் ரீசார்ஜ் விலை என்று சுற்றிவிட்டு பேச்சு கடைசியில் கேரமில் வந்து நிற்கும். ஏன்னா இந்த ஏரியாவில் கேரம் பொழுதுபோக்கு மட்டுமல்ல. பக்கத்துத் தெருவில் உலக சாம்பியன் இருக்கிறார்.

2024 நவம்பரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 6-வது கேரம் உலகக் கோப்பை நடந்தது. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த 17 வயது காசிமா மகளிர் ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று பிரிவிலும் தங்கம் வென்றார். அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுநர். அடுத்த ஆண்டு, 2025 டிசம்பரில் மாலத்தீவில் 7-வது உலகக் கோப்பை. அங்கே மூன்று தங்கம் வென்ற கீர்த்தனாவும் வடசென்னைதான்.

இரண்டு ஆண்டு, இரண்டு உலகக் கோப்பை, ஆறு தங்கம். எல்லாம் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள். அப்படியிருந்தும் புலம்பல் ஏன் நிற்கவில்லை?

ஒப்பீடு எங்கே தொடங்கியது?

காசிமா ஜெயித்த அடுத்த மாதமே, 2024 டிசம்பர் 12-ம் தேதி, சிங்கப்பூரில் டிங் லிரெனை வீழ்த்தி 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார் குகேஷ். தமிழ்நாடு அரசு உடனே ரூ.5 கோடி அறிவித்தது. அவ்வளவுதான், சமூக ஊடகங்களில் ஒப்பீடு கிளம்பிவிட்டது. இரண்டு பேரும் சென்னை, இரண்டு பேரும் பதின்வயது, இரண்டு பேரும் உலக சாம்பியன். அவருக்கு அஞ்சு, இவருக்கு எவ்வளவு?

பின்னர் காசிமாவுக்கு அரசு ரூ.1 கோடி வழங்கியது. கீர்த்தனாவுக்கும் அதே ரூ.1 கோடி. "இப்போதான் குடுத்துட்டாங்களே, இன்னும் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு கேரம் வீராங்கனைக்கு மாநில அரசு ஒரு கோடி ரூபாய் காசோலை கொடுப்பதை முந்தைய தலைமுறை ஆட்டக்காரர்கள் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்கள்.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் இருந்த கண்ணகி நகர் கார்த்திகாவுக்கு அரசு கொடுத்தது ரூ.25 லட்சம். அப்போது "கபடிக்கு மட்டும் ஏன் இவ்வளவுதானா?" என்று வேறு பக்கத்திலிருந்து குரல் வந்தது. ஆக, தொகையை வைத்து ஒப்பிட ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் மேலே ஒரு விளையாட்டு இருக்கும்.

உண்மையான பிரச்சினை பரிசுத்தொகையில் இல்லை. அது ஜெயித்த பிறகு வருவது. போவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டிக்கெட் கணக்கு

அமெரிக்காவில் ஒரு போட்டி என்று வைத்துக்கொள்வோம். முதலில் பாஸ்போர்ட். அடுத்து விசா. அமெரிக்க வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பக் கட்டணமே 185 டாலர். நம்ம ஊர் காசுக்கு 15 ஆயிரத்துக்கும் மேல். விசா கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்ப வராது. இது ஒரு ஆளுக்கு. மைனர் பிள்ளை என்றால் கூட ஒரு பெரியவர் போக வேண்டும். கணக்கு அப்படியே இரட்டிப்பாகும்.

விசா கையில் வந்த பிறகுதான் தைரியமாக டிக்கெட் போட முடியும். நேர்காணல் தேதி தள்ளிப்போகப் போக டிக்கெட் விலை ஏறிக்கொண்டே இருக்கும். விமான டிக்கெட் பஸ் டிக்கெட் மாதிரி இல்லையே. இன்றைக்கு ஒரு விலை, நாளைக்கு ஒரு விலை. சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானமும் கிடையாது. எங்கேயாவது இறங்கி மாறித்தான் போக வேண்டும். தங்குமிடம், சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் தனி.

தினமும் ஆட்டோ ஓட்டினால்தான் அன்றைக்குச் சாப்பாடு என்கிற வீட்டுக்கு இது என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. காசிமா அமெரிக்கா கிளம்பும் முன் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை மூலம் ரூ.1.5 லட்சம் செலவுத்தொகை வழங்கப்பட்டது. அந்த உதவி சரியான நேரத்தில் வந்தது. அது வராமல் போயிருந்தால் மூன்று தங்கம் என்கிற செய்தியே இருந்திருக்காதோ என்னவோ.

மாலத்தீவு கதை வேறு. இந்தியர்களுக்கு அங்கே முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை. மாலே விமான நிலையத்தில் இறங்கியதும் விசா இலவசம். விமானப் பயணமும் சிறியது. அதாவது, ஒரு வடசென்னைப் பொண்ணு உலகக் கோப்பைக்குப் போக முடியுமா என்பது அவருடைய கட் ஷாட்டை மட்டும் பொறுத்தது இல்லை. அந்த ஆண்டு போட்டியை எந்த நாட்டில் நடத்துகிறார்கள் என்பதையும் பொறுத்தது. இது ஒரு லாட்டரி மாதிரிதான்.

சரி, செஸ்ஸில் இந்தக் கஷ்டமே இல்லையா? இருந்தது. குகேஷின் அப்பா ஒரு டாக்டர். மகனைப் போட்டிகளுக்கு அழைத்துப்போவதற்காகத் தன் தொழிலை நிறுத்தினார். அம்மாவின் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. நண்பர்கள் பண உதவி செய்தார்கள். இது குகேஷே வெளிப்படையாகச் சொன்ன விஷயம். வித்தியாசம் எங்கே என்றால், அங்கே ஒருவர் வேலையை விட்டாலும் இன்னொரு மாதச் சம்பளம் இருந்தது. ஆட்டோ ஓடாவிட்டால் மறுநாள் வாடகை கட்ட அப்படி ஒன்று இல்லை.

அரசு விதியில் கேரம் எங்கே நிற்கிறது?

இங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது.

கேரம் ஒலிம்பிக்கில் இல்லை. ஆசிய விளையாட்டில் இல்லை. காமன்வெல்த்தில் இல்லை. மத்திய அரசு சர்வதேசப் பதக்கத்துக்குக் கொடுக்கும் ரொக்கப் பரிசுத் திட்டம் பெரும்பாலும் இந்த மூன்றில் இடம்பெறும் விளையாட்டுகளைச் சுற்றியே அமைந்திருக்கிறது. செஸ், பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் போன்றவற்றுக்குத் தனியாக இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கேரமுக்கு அந்த இடம் இல்லை. செஸ் 1999-ல் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அங்கீகாரம் பெற்றது. 2006 தோஹா ஆசிய விளையாட்டிலேயே உள்ளே வந்துவிட்டது.

தமிழ்நாடு அரசின் நிர்ணயம் தெளிவானது: ஒலிம்பிக் தங்கத்துக்கு ரூ.3 கோடி, வெள்ளிக்கு ரூ.2 கோடி, வெண்கலத்துக்கு ரூ.1 கோடி. ஒலிம்பிக் பக்கம் போகாத விளையாட்டுக்கு அரசு அவ்வப்போது தனியாக முடிவெடுத்துக் கொடுப்பதுதான் வழக்கம். குகேஷுக்குக் கொடுத்த 5 கோடியும் அப்படித்தான், காசிமாவுக்குக் கொடுத்த ஒரு கோடியும் அப்படித்தான். விதிப்படி வருவதைத் தேதி பார்த்துக் கேட்கலாம். அறிவிப்பில் வருவதற்குக் காத்திருக்க வேண்டும். புலம்பலின் பாதி காரணம் இந்தக் காத்திருப்பு.

ஆனால் கேரமை அரசு மொத்தமாக ஒதுக்கிவிட்டது என்று சொல்வதும் தவறு. மத்திய அரசுப் பணிகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் கேரம் இருக்கிறது. பல முறை தேசிய சாம்பியனான பீகாரின் ராஷ்மி குமாரி ஓஎன்ஜிசி ஊழியர். 2016-ல் உலக சாம்பியன் ஆன ஹைதராபாத்தின் அபூர்வா எல்ஐசியில் இருக்கிறார். இந்த விளையாட்டில் நிஜமான பரிசு எது என்று ஆட்டக்காரர்களைக் கேட்டால், கோப்பையை விட இந்த மாதச் சம்பள வேலையைத்தான் பலரும் சொல்வார்கள்.

"எத்தனை நாடு ஆடுது?" என்ற எதிர்க்கேள்வி

கேரம் பக்கம் பேசுபவர்கள் தவிர்க்கப் பார்க்கும் கேள்வி இது. தவிர்க்க வேண்டியதில்லை.

செஸ்ஸுக்கு சுமார் 200 நாடுகளில் அமைப்புகள் உண்டு. கேரமில் அந்த அளவுக்குப் பரவல் இல்லை. போட்டி போடும் பலம் இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு என்று நம்ம பக்கத்திலேயே குவிந்திருக்கிறது. ஐரோப்பா, அமெரிக்கா அணிகளிலும் தெற்காசிய வம்சாவளியினர் நிறைய. 2024-ல் உலக செஸ் சாம்பியன்ஷிப் மேட்சுக்கான மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர். கேரமில் அப்படி ஒரு எண்ணை யோசிக்கவே முடியாது.

அதனால் கேரம் உலகப் பட்டம் லேசு என்று அர்த்தமா? அதுவும் இல்லை. ஆண்கள் பட்டத்தை 2012-ல் இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ தட்டிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கலாம். ஆனால் பெரும்பாலான ஆண்டுகளில், கேரமில் மிகக் கடினமான கட்டம் உலகக் கோப்பை இறுதிப்போட்டி கிடையாது. இந்திய அணிக்குள் நுழைவதுதான். தேசிய அளவில் மேலே இருக்கும் சிலருக்கு இடையே வித்தியாசம் ஒரு போர்டு, ஒரு ஃபைன், தப்பிப்போன ஒரு ரெட் அவ்வளவுதான்.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்கு: 9 வெள்ளை, 9 கருப்பு, நடுவில் ஒரு சிவப்பு. சிவப்பைப் போட்டால் போதாது, அடுத்து ஃபாலோ போட வேண்டும். இல்லைன்னா சிவப்பு திரும்ப நடுவுக்கு வந்துவிடும். 25 புள்ளி அல்லது 8 போர்டு, எது முதலில் வருகிறதோ அதோடு ஒரு செட் முடியும். மூன்றில் இரண்டு செட் எடுத்தவர் வெற்றியாளர். பாக்கெட்டின் விட்டம் நாலரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. காய் மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 15 கிராமுக்கு மிகாத ஸ்ட்ரைக்கர். இதை வைத்து பிரேக் எடுத்த கையோடு எதிராளிக்கு வாய்ப்பே தராமல் ஒன்பது காயையும் ரெட்டையும் முடிப்பவர்கள் இந்த ஏரியாவில் இருக்கிறார்கள். அதைப் பார்க்கிறவனுக்கு மூச்சு நின்றுவிடும்.

போனில் கோடிக்கணக்கில், போர்டில் யாருமில்லை

தொழில்நுட்பம் செஸ்ஸுக்குச் செய்ததைக் கேரமுக்குச் செய்யவில்லை. செஸ் போனுக்குள் போனபோது ஆட்டம் மாறவே இல்லை; அதே 64 கட்டம், அதே காய். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே போட்டி ஆடினார்கள், கற்றுக்கொண்டார்கள், யூடியூபில் பார்த்தார்கள். ஆன்லைனில் நன்றாக ஆடும் பையன் போர்டிலும் நன்றாக ஆடுவான்.

கேரம் போனுக்குள் போனபோது ஆட்டமே வேறு ஆகிவிட்டது. மினிகிளிப் நிறுவனத்தின் 'கேரம் பூல்' 10 கோடி பதிவிறக்கத்தை எப்போதோ தாண்டிவிட்டது. கொருக்குப்பேட்டை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டிக்குக் காத்திருக்கும்போது திரும்பிப் பார்த்தால் நாலு பேர் அதைத்தான் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்தத் திரையில் பவுடர் இல்லை, விரல் நகத்தின் வலி இல்லை, ஈரப்பதத்தில் போர்டு இறுகுவது இல்லை. கோடு போட்டுக் காட்டும் இடத்துக்கு இழுத்துவிட்டால் காய் போய் விழும். அதை ஆடி வளரும் பையன் கிளப்புக்கு வந்தால் முதல் வாரம் ஒன்றும் நகராது. அந்த விளம்பர வருமானத்தில் ஒரு ரூபாய்கூட செரியன் நகருக்கு வருவதற்கு வழியும் இல்லை.

டிவிக்கும் இது சிரமமான ஆட்டம். மேலிருந்து ஒரு கேமரா வேண்டும், வெளிச்சம் போர்டில் கண்ணாடி மாதிரி அடிக்கக் கூடாது, இரண்டு ஆட்டக்காரரின் தலையும் குறுக்கே வரக் கூடாது. முடியாத காரியம் இல்லை. யாரும் காசு போட்டு முயற்சி செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஏர்போர்ட்டில் இன்னொரு ஆட்டம்

முதல் முறை விமானம் ஏறும் பிள்ளைகளுக்கு வேறு சில தொல்லைகளும் உண்டு. கேரம் பவுடரையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா செல்லும் விமானங்களில் கைப்பையில் 350 மில்லிக்கு மேல் எந்தப் பவுடர் இருந்தாலும் தனிச் சோதனை என்பது 2018-லிருந்து விதி. வெள்ளை வெளேர்னு ஒரு டப்பா, அதை விளக்கிச் சொல்ல வேண்டிய பாஷையோ இங்கிலீஷ். நல்லவேளை, பவுடரைப் போட்டி நடத்துபவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஸ்ட்ரைக்கர் மட்டும் சொந்தமாகக் கொண்டு போனால் போதும்.

மொழிப் பிரச்சினை சொந்த ஊர் விமான நிலையத்திலேயே தொடங்கலாம் என்பதை 2020 ஆகஸ்ட்டில் கனிமொழி எம்.பி. சென்னை விமான நிலையச் சம்பவத்தை வெளியில் சொன்னபோது நாடே பேசியது. தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசச் சொன்னதற்கு, "நீங்கள் இந்தியரா?" என்று பாதுகாப்புப் படை அலுவலர் கேட்டதாக அவர் பதிவிட்டார். மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை விசாரணைக்கு உத்தரவிட்டது. விமான நிலையங்களில் உள்ளூர் மொழி தெரிந்தவர்களைப் பணியமர்த்துவதாகவும் சொன்னது. எம்.பி.க்கே இந்த நிலை என்றால், முதல் முறை பாஸ்போர்ட் நீட்டும் 17 வயதுப் பிள்ளை வரிசையில் என்ன பதற்றத்தோடு நிற்கும் என்று யோசிக்கலாம்.

இத்தனைக்கும் விமான நிலையம் இப்போது தூரமே இல்லை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து, தண்டையார்பேட்டையிலோ புதுவண்ணாரப்பேட்டையிலோ ஏறினால் வண்டி மாறாமல் மீனம்பாக்கத்தில் இறங்கலாம்.

ஏன் இங்கேயே சாம்பியன்கள்?

இடம்தான் காரணம். அல்லது இடம் இல்லாததுதான். கண்டெய்னர் லாரி, சரக்கு ரயில் தண்டவாளம், குடோன், நெருக்கியடித்த வீடுகள். இவற்றுக்கு நடுவே மைதானம் தேடுவது கஷ்டம். கேரமுக்குத் தேவை இரண்டரை அடிக்கு இரண்டரை அடி பலகை, மேலே தொங்கும் ஒரு பல்பு, நாலு பக்கமும் நிற்க நாலு பேர். துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்து வருபவர்களுக்கு ராத்திரி எத்தனை மணிக்கும் ஆடக்கூடிய ஆட்டம் இது. 2018-ல் வெற்றிமாறனின் 'வடசென்னை'யில் தனுஷ் கேரம் ஆட்டக்காரராக வந்தது சும்மா இல்லை.

சர்வதேச கேரம் கூட்டமைப்பு தொடங்கப்பட்டதே 1988 அக்டோபரில் இந்தச் சென்னையில்தான். 1991-லும் 1995-லும் உலக சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். 1996-ல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. கேரமில் அந்த விருதை வாங்கிய ஒரே ஆள் அவர்தான். 2008-ல் பிரான்சின் கான் நகரில் உலக சாம்பியன் ஆன இளவழகி, கொருக்குப்பேட்டையை ஒட்டியிருக்கும் வியாசர்பாடியில் மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள். அதாவது காசிமாவுக்கு 16 வருஷம் முன்னாலேயே இதே கதை ஒரு முறை நடந்து முடிந்திருக்கிறது.

பணம் எங்கிருந்து வரும்?

தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை 2023 மே மாதம் தோனியை அழைத்துவந்து தொடங்கப்பட்டது. பயணம், உபகரணம், பயிற்சி ஆகியவற்றுக்கு உதவி கேட்டு விளையாட்டு வீரர்கள் விண்ணப்பிக்கலாம். நிறுவனங்களும் தனியாரும் இதற்கு நன்கொடை தரலாம். யோசனை நல்லது. காசிமா விஷயத்தில் அது வேலை செய்ததையும் பார்த்தோம். ஆனால் முதல் இடத்தில் இருப்பவருக்குக் கிடைப்பது போல எட்டாவது, பத்தாவது இடத்தில் இருக்கும் பிள்ளைக்கும் கிடைக்குமா? தேசியப் போட்டிக்கு ரயிலில் வெளிமாநிலம் போய்வரும் செலவைத் தாங்க முடியாமல் கிளப்பை விட்டு வேலைக்குப் போகிறவர்கள் அந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் எந்த ஒப்பீட்டிலும் வருவதில்லை.

இன்னொரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டம் 135-வது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாயோ லாபமோ பார்க்கும் நிறுவனங்கள் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதற்குத் தகுதியானவை என்று சட்டம் சொல்லும் பட்டியலில், தேசிய அளவில் அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுகளுக்கான பயிற்சியும் இருக்கிறது. மணலி சுத்திகரிப்பு ஆலையில் ஆரம்பித்து எண்ணூர் துறைமுகம், திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகள் வரை பெரிய நிறுவனங்கள் இருப்பது இதே பகுதியில்தான். புகையும் லாரியும் வடசென்னைக்கு வருவது போல, அந்த 2 சதவீதத்திலிருந்து ஒரு கேரம் கிளப்புக்கு வருஷத்துக்கு நாலு போர்டும் எட்டு ரயில் டிக்கெட்டும் வந்தால் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. கேட்பதற்கு ஒரு விண்ணப்பம் வேண்டும். எழுதிக்கொடுக்க ஆளும் வேண்டும். பல கிளப்களில் இப்போதைக்கு அந்த ஆள்தான் இல்லை.